வாடின் செயலியில் தீம் ஏறவில்லையா? தலைமடையிலிருந்து கடைமடை வரை கோளாறு தேடும் முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்தும் சிறு பணியிடத்தில், கல்லிடைக்குறிச்சி அப்பளம் விற்பவர்களுக்கும் பத்தமடைப் பாய் விற்பவர்களுக்கும் ஆர்டர், இருப்பு, பில் மூன்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு வலைச் செயலியை, ஜாவாவில் வலைச் செயலி எழுத உதவும் வாடின் என்ற கட்டமைப்பின் 24ஆம் பதிப்பில் எழுதிப் பராமரித்து வருகிறோம். இதில் திரையின் நிலை முழுவதும் சர்வரில் ஜாவாவாக இருக்கிறது. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், சர்வர் சொல்வதை வரைந்து காட்டுகிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் ஜாவா பகுதியைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் வாடிக்கையாளர் கேட்ட நிறத்தையும் எழுத்துருவையும் தீமில் (செயலியின் தோற்றத்தைச் சொல்லும் கோப்புகளின் தொகுப்பு) கொண்டுவரும்போது நாள் கணக்கில் தேங்கி நிற்கிறார்கள். நிறம் மாறவில்லை என்றதும் அதே சிஎஸ்எஸ் (தோற்றத்தை விதிகளாக எழுதும் மொழி) வரியை ஐந்து விதமாக எழுதிப் பார்ப்பதும், ஐந்தும் பலிக்காதபோது மற்ற விதிகளை மீறச் செய்யும் ‘இம்பார்ட்டன்ட்’ சேர்ப்பதும்தான் அவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலில் நின்று மண்ணைக் கொத்துவதில் பயனில்லை. பாளையங்கால்வாய்ப் பாசனக்காரர் பழவூர் அணைக்கட்டுப் பக்கமிருந்து மடை மடையாகப் பார்த்துக்கொண்டு வருவார். தீமும் அப்படித்தான்: கோப்பு, சர்வர், பில்டு, வலைப்பாதை, உலாவியின் விதி அடுக்கு, ஷாடோ டாம் (திரைக் கூறுகளின் மூடிய உட்பகுதி) என்ற வரிசையில் அது பயணப்படுகிறது. எந்த மடையில் நின்றது என்பதை அறிந்த பிறகே நிறத்தைத் தொட வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையும் முன்னது தேறிவிட்டது என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

கோப்பு, பண்பு ஆகியவற்றின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் எழுதும்போது வாடின் ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கோளாற்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: எந்தத் திரை, எந்தக் கூறு (பட்டன், பட்டியல் போன்ற திரைப் பகுதி), எந்த உலாவி, நாம் எழுதிச் சோதிக்கும் டெவலப்மென்ட் முறையா, வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்‌ஷனா. ‘நிறம் வரவில்லை’ என்பது கோளாற்றின் விவரம் ஆகாது. ‘புரொடக்‌ஷனில் மட்டும், ஆர்டர் பட்டியலில் நிலுவை வரிசை சிவப்பாகவில்லை’ என்று எழுதினால் பாதி மடைகளைப் பார்க்காமலே கடந்துவிடலாம்.

அடுத்து, கோப்புகளை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் செய்துவிடுங்கள். தேடும்போது போட்டுப் பார்த்த வரிகள் பின்னர் கோப்பில் தங்கிப்போவதுதான் அடுத்த மாதத்துக் கோளாறு. கடைசியாக, குரோமிலோ பயர்ஃபாக்ஸிலோ உலாவியின் ஆய்வுக் கருவியான டெவ்டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பலகத்தில் ‘டிஸேபிள் கேஷ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான் இத்தேர்வு வேலை செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூடிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய கோப்பே வரக்கூடும்.

2. அடையாள வரி ஒன்றைப் போடுங்கள்

உங்கள் தீம் கோப்புறையில் உள்ள ஸ்டைல்ஸ்.சிஎஸ்எஸ் கோப்பில், எச்டிஎம்எல் உறுப்புக்கான விதிக்குள் இந்த ஒரு வரியைச் சேருங்கள்:

--சோதனை: 1;

சிஎஸ்எஸ் மாறிகளின் பெயரில் தமிழ் எழுத்துகள் இருக்கலாம் என்பதால் இது செல்லுபடியாகும் வரிதான், வேறு எந்தப் பெயருடனும் மோதவும் செய்யாது. பக்கத்தைத் திறந்து, டெவ்டூல்ஸின் எலிமென்ட்ஸ் பலகத்தில் எச்டிஎம்எல் உறுப்பைத் தேர்ந்தெடுத்து, வலப்புறம் இந்த வரி தெரிகிறதா என்று பாருங்கள்.

பின்னணி நிறத்தை மாற்றிச் சோதிப்பதை விட இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பின்னணியின் மேல் ஆப் லேஅவுட் போன்ற வேறொரு கூறு அமர்ந்து மறைத்துவிடலாம். அப்போது தீம் வந்திருந்தும் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். மாறியை எதுவும் மறைக்காது. மேலும், கோப்பை மாற்றும்போதெல்லாம் எண்ணை 2, 3 என்று கூட்டிக்கொண்டே போனால், உலாவியில் இருப்பது எந்த வேளையில் சேமித்த கோப்பு என்பதும் தெரிந்துவிடும்.

வரி தெரிந்து எண்ணும் சரியாக இருந்தால் நேரே ஆறாம் படிக்குப் போங்கள். பழைய எண் தெரிந்தால் நான்கும் ஐந்தும் உங்களுக்கானவை. வரியே இல்லையென்றால் அடுத்த படி.

3. சர்வருக்கு உங்கள் தீம் தெரிகிறதா

இங்கே பார்க்க வேண்டியவை மூன்று.

தீம் அன்னோட்டேஷன் (ஜாவா வகுப்பின் தலையில் எழுதும் குறிப்பு), ஆப் ஷெல் கான்ஃபிகரேட்டரைச் செயல்படுத்தும் வகுப்பின் மேல் இருக்க வேண்டும். அத்தகைய வகுப்பு செயலிக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதியவர்கள் இதை ஏதாவது ஒரு திரை வகுப்பின் மேல் போட்டுவிட்டு அந்தத் திரைக்கு மட்டும் தீம் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். தீம் என்பது செயலி முழுமைக்கும் ஒன்று என்பதால் அது அப்படி இயங்காது.

அன்னோட்டேஷனில் உள்ள பெயரும் கோப்புறையின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸும் மேக்கும் இயல்பு அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்துகிறது. பணியிடத்து மடிக்கணினியில் ஓடிய தீம் சர்வரில் காணாமல் போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுவே. கோப்புறை, எழுத்துரு, படம் எல்லாவற்றுக்கும் சிறிய எழுத்தில் மட்டும் பெயரிடுவது என்று முடிவு செய்துவிட்டால் இத்தொல்லை வராது.

மூன்றாவது, கோப்புறையின் இடம். பழைய திட்டங்களில் ஃப்ரன்ட்எண்ட் கோப்புறை திட்டத்தின் வேரிலேயே இருந்தது, 24.4 முதல் எஸ்ஆர்சி, மெயின் ஆகியவற்றின் உள்ளே இருப்பதே இயல்பான இடம். வேரில் பழைய கோப்புறை மிச்சம் இருந்தால் வாடின் அதை எடுத்துக்கொள்ளக்கூடும். புதிய இடத்தில் கோப்பை மாற்றிக்கொண்டே இருப்போம், படிக்கப்படுவது பழைய இடத்துக் கோப்பாக இருக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க வேண்டும்.

4. பில்டில் நின்றுவிட்டதா

டெவலப்மென்ட் முறையில் ஸ்டைல்ஸ்.சிஎஸ்எஸ்ஸில் செய்யும் மாற்றம், சர்வரை நிறுத்தாமலே திரைக்கு வந்துவிடும். தீம்.ஜேசன் கோப்பைத் தொட்டிருந்தால், அல்லது வெளியிலிருந்து புதிய நோட் தொகுப்பு ஒன்றைச் சேர்த்திருந்தால், சர்வரை நிறுத்தித் தொடங்கிவிடுங்கள். முன்கூட்டியே கட்டிவைத்த தொகுப்பு அப்போதுதான் புதிதாகக் கட்டப்படும்.

ஒரு கோப்பிலிருந்து இன்னொரு சிஎஸ்எஸ்ஸை இம்போர்ட் செய்கிறீர்கள் என்றால், இம்போர்ட் வரிகள் எல்லா விதிகளுக்கும் மேலே இருக்க வேண்டும். ஒரு விதிக்குப் பின்னே வரும் இம்போர்ட்டை உலாவி சத்தமில்லாமல் விட்டுவிடும் என்பது சிஎஸ்எஸ்ஸின் பொது விதி. அடையாள வரியை ஆசையோடு கோப்பின் முதல் வரியிலேயே போட்டு, அதனாலேயே கீழிருந்த இம்போர்ட்டுகளை முறித்தவர்கள் எங்களிடமே இருவர் உண்டு. அதை இம்போர்ட்டுகளுக்குக் கீழே போடுங்கள்.

டெவலப்மென்டில் சரியாக இருந்து புரொடக்‌ஷனில் மட்டும் பழைய எண் தெரிந்தால், புரொடக்‌ஷன் புரொஃபைலுடன்தான் மேவனில் கட்டினீர்களா என்று பாருங்கள். பிறகு, ஏற்றிய ஜார் கோப்பின் நேரத்தைப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் மட்டும் வாடினின் கிளீன் ஃப்ரன்ட்எண்ட் கட்டளையை ஓட்டி மறுபடியும் கட்டுங்கள்.

அந்தக் கட்டளையை முதலில் ஓட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நோட் தொகுப்புகள் அனைத்தும் மறுபடி இறங்க வேண்டியிருப்பதால் நேரம் போவது ஒரு பக்கம். அதைவிட, கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாமல் போவதே பெரிய இழப்பு, ஏனென்றால் அதே கோளாறு அடுத்த ஏற்றத்தின்போது வாடிக்கையாளர் கண் முன்னே திரும்ப வரும்.

5. சர்வரிலிருந்து உலாவி வரையுள்ள பாதை

சர்வரில் புதிய கோப்பு இருந்தும் உலாவியில் பழையது வந்தால், இடையில் யாரோ சேமித்து வைத்திருக்கிறார்கள்.

வாடினின் புரொடக்‌ஷன் தொகுப்புக் கோப்புகளின் பெயரில் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் ஹேஷ் இருக்கும். அவற்றை எவ்வளவு காலம் சேமித்தாலும் தவறில்லை. அவற்றைச் சுட்டும் முதல் எச்டிஎம்எல் பக்கத்தைத்தான் சேமிக்கக் கூடாது. செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலைச் சர்வரை வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே கேஷ் விதி எழுதியிருந்தால், பழைய எச்டிஎம்எல் பழைய தொகுப்பையே சுட்டிக்கொண்டிருக்கும்.

செயலியைக் கருவியில் நிறுவும்படி ஆக்கும் பிடபிள்யூஏ அன்னோட்டேஷன் இருந்தால், உலாவியின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கரும் சேமித்து வைக்கும். டெவ்டூல்ஸின் அப்ளிகேஷன் பலகத்தில் அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

படம் மட்டும் வரவில்லை என்பது தனி வகை. நெட்வொர்க் பலகத்தில் அந்தப் படத்தின் வரிசையைச் சொடுக்குங்கள். 302 என்று காட்டி, வந்தது எச்டிஎம்எல் என்றால், பாதுகாப்பு அமைப்பு படத்தைக் கேட்டவரை லாகின் பக்கத்துக்குத் திருப்பியிருக்கிறது. லாகின் திரையில் கடையின் சின்னம் வராமல், உள்ளே போனதும் வருவது இதற்கு அடையாளம். ஸ்பிரிங் செக்யூரிட்டியில் அந்தப் பாதையை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்றால் பாதையின் தொடக்கத்தில் சாய்கோடு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். செயலி ஒரு துணைப்பாதையின் கீழ் ஏற்றப்பட்டிருந்தால் அந்தச் சாய்கோடு கோரிக்கையை வேருக்குக் கொண்டுபோய்விடும்.

6. விதி வந்துவிட்டது, வேறொன்று அதை வெல்கிறது

அடையாள வரி சரியாகத் தெரிகிறது, நிறம் மட்டும் வரவில்லை. இப்போதுதான் சிஎஸ்எஸ்ஸைப் பார்க்கும் வேளை.

அந்தக் கூறினை எலிமென்ட்ஸ் பலகத்தில் தேர்ந்தெடுத்து, உங்கள் விதி கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது பட்டியலிலேயே இல்லையா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய். பட்டியலில் இல்லையென்றால் தேர்வி (விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதி) பொருந்தவில்லை, அது அடுத்த படி. அடிக்கப்பட்டிருந்தால் எது வென்றது என்று அங்கேயே தெரியும்.

சர்வர் வழிநடத்தும் செயலியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஜாவா நிரலையே. கெட் ஸ்டைல் வழியாக ஒருவர் என்றோ போட்ட நிறம், உறுப்பின் மேல் நேரடி ஸ்டைலாக வந்து அமரும். கோப்பில் உள்ள சாதாரண விதி எதுவும் அதை வெல்லாது. ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு வெல்லலாம், ஆனால் அது நோயை மூடிவைப்பதுதான். திட்டம் முழுவதும் கெட் ஸ்டைல் என்று தேடி, நிறம் சொல்லும் இடங்களை வகுப்புப் பெயர்களாக மாற்றுங்கள்.

அடுத்தது, வாடினின் இயல்புத் தீமான லூமோவின் மாறிகளைப் பாதி மட்டும் மாற்றுவது. அப்பளக் கடைக்கு மஞ்சள் வேண்டும் என்று லூமோ பிரைமரி கலர் ஒன்றை மட்டும் மாற்றினால், பட்டன் மஞ்சளாகும். இணைப்புகளும் தேர்ந்தெடுத்த தாவல்களின் எழுத்தும் நீலமாகவே நிற்கும், ஏனென்றால் அவை பிரைமரி டெக்ஸ்ட் கலரைப் பார்க்கின்றன. ஒளி வளையம் 50 சதவீத மாறியையும், மங்கலான பின்னணிகள் 10 சதவீத மாறியையும் பார்க்கின்றன. பட்டனின் மேலுள்ள எழுத்து பிரைமரி கான்ட்ராஸ்ட் கலர். வெளிர் மஞ்சளின் மேல் அது வெள்ளையாகவே இருந்தால் வெயிலில் கடைவாசலில் நின்று கைபேசியைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஐந்தையும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் மாற்றுங்கள்.

இருள் முறைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. தீம் அன்னோட்டேஷனில் வேரியன்ட் என்று கொடுத்தால் தீம் பண்பு எச்டிஎம்எல் உறுப்பின் மேல் அமரும். இயங்கும்போது ஜாவாவிலிருந்து யுஐ-யின் தீம் லிஸ்டில் சேர்த்தால் பாடி உறுப்பின் மேல் அமரும். எச்டிஎம்எல் என்று பெயர் சொல்லி விதி எழுதியவருக்கு முதல் வழியில் நிறம் வரும், இரண்டாம் வழியில் வராது. உறுப்பின் பெயரை விட்டுவிட்டு, தீம் பண்பை மட்டும் தேர்வியாக எழுதினால் இரண்டிலும் வரும். ஒரே செயலியில் அப்பளக் கடைக்கு ஒரு நிறத்தொகுப்பும் பாய்க் கடைக்கு இன்னொன்றும் காட்டுவதற்கு நாங்கள் பின்பற்றுவதும் இதே முறைதான்: தீம் ஒன்று, அதற்குள் கடைப் பெயருக்கு ஒரு பண்பு மதிப்பு, உள்ளே நுழைந்தவர் யார் என்று அறிந்த சர்வர் அதைச் சேர்க்கிறது.

7. ஷாடோ டாம்: விதி எட்டாத உள்ளறை

வாடின் கூறுகள் வெப் காம்பொனென்ட்டுகள். அவற்றின் உட்பகுதி ஷாடோ டாமில் இருக்கிறது. வெளியே எழுதிய சாதாரண தேர்வி உள்ளே நுழையாது. உலாவி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. டெவ்டூல்ஸில் உட்பகுதி கண்ணுக்குத் தெரிவதால், அதில் கண்ட டிவ்வையும் கிளாஸையும் அப்படியே கோப்பில் எழுதிவிட்டு ஏன் வரவில்லை என்று புதியவர்கள் தவிக்கிறார்கள்.

உள்ளே போக வழிகள் உண்டு. முதல் வழி, சிஎஸ்எஸ் மாறிகள். அவை மரபுரிமையாக உள்ளே இறங்கும் என்பதால், மாறி இருக்கும் இடத்தில் மாறியையே பயன்படுத்துங்கள். இரண்டாவது, பார்ட். உட்பகுதியில் பார்ட் என்ற பண்பு உள்ள உறுப்பை மட்டும், இரட்டை முக்காற்புள்ளியுடன் பார்ட் தேர்வியால் வெளியிலிருந்து தொடலாம். டெக்ஸ்ட் ஃபீல்டின் கட்டத்துக்கு இன்புட் ஃபீல்ட் என்ற பார்ட் இருக்கிறது. ஆனால் பார்ட்டுக்குள் இருக்கும் குழந்தை உறுப்பை அதே தேர்வியில் தொடர்ந்து தொட முடியாது.

மூன்றாவது, ஸ்லாட் (வெளியில் இருக்கும் உறுப்பைக் கூறின் உள்ளே காட்டும் இடம்). டெக்ஸ்ட் ஃபீல்டில் நாம் தட்டச்சு செய்யும் இன்புட் உறுப்பு, 22ஆம் பதிப்பு முதல் ஷாடோவுக்கு வெளியே, கூறின் நேரடிக் குழந்தையாக இருக்கிறது. அதைச் சாதாரணத் தேர்வியாலேயே பிடிக்கலாம். அதற்கு முந்தைய காலத்துக் குறிப்புகளைப் பார்த்து வேல்யூ என்ற பார்ட்டைத் தேடுகிறவர்கள் இல்லாத கதவைத் தட்டுகிறார்கள்.

அட்டவணைக் கூறான கிரிட் தனியே சொல்லத்தக்கது, ஏனென்றால் ஆர்டர் பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நிலுவை உள்ள வரிசையைச் சிவப்பாகக் காட்ட, கிளாஸ் நேம் ஜெனரேட்டரால் ஒரு பெயர் கொடுக்கிறோம். பெயர் போய் அமரும் அறை உறுப்பு கிரிட்டின் ஷாடோவுக்குள் இருப்பதால், ஸ்டைல்ஸ்.சிஎஸ்எஸ்ஸில் எழுதிய விதி அதை எட்டாது. பார்ட் நேம் ஜெனரேட்டரால் பெயர் கொடுத்து, கிரிட்டின் பார்ட் என்று எழுதினால் எட்டும். ஆனால் அறைக்குள் நாம் வைக்கும் கூறுகள் ஸ்லாட் வழியே வெளியில் இருப்பதால், அவற்றுக்குச் சாதாரண கிளாஸ் போதும். அறையின் பின்னணியா, அறைக்குள் உள்ள பொருளா என்று கேட்டுக்கொண்டால் எந்த வழி என்பது தெளியும்.

8. ஓவர்லே: திரைக்குள் தோன்றினாலும் திரைக்குள் இல்லாதவை

டயலாக், காம்போ பாக்ஸின் பட்டியல், நாள்காட்டி, அறிவிப்பு ஆகியவை உங்கள் திரையின் உள்ளே திறப்பதுபோலத் தோன்றினாலும், 24-இல் அவை பாடி உறுப்பின் நேரடிக் குழந்தையாகத் தனியே வந்து அமர்கின்றன. ஆகவே, ‘ஆர்டர் திரைக்குள் இருக்கும் காம்போ பாக்ஸ்’ என்று எழுதிய விதி பட்டியலுக்குப் பொருந்தாது. அந்தத் திரையின் கிளாஸில் அமைத்த மாறிகளும் அங்கே இறங்கா.

காம்போ பாக்ஸ், நாள்காட்டி போன்றவற்றுக்கு ஜாவாவில் செட் ஓவர்லே கிளாஸ் நேம் என்று பெயர் கொடுத்து, அந்தப் பெயரில் விதி எழுத வேண்டும். செயலி முழுமைக்குமான மாறிகளைத் திரையின் கிளாஸில் அமைக்காமல் எச்டிஎம்எல்லிலோ பாடியிலோ அமைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

ஆய்வு செய்யப் போனால் பட்டியல் மூடிக்கொள்கிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. கன்சோலில் செட் டைம்அவுட் எழுதி, 5000 மில்லி வினாடிகளுக்குப் பின் டிபக்கர் ஓடும்படி செய்துவிட்டு, அதற்குள் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். நிதானமாக எலிமென்ட்ஸ் பலகத்தில் பார்க்கலாம்.

9. தமிழ் எழுத்து: பல வழிகாட்டிகள் சொல்லாத படி

எங்கள் வாடிக்கையாளர்கள் தமிழில் பில் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். ஆகவே இந்தப் படியை நான் விரித்தே சொல்கிறேன்.

எழுத்துருவை ஏற்றாமல் விட்டால், விண்டோஸில் நிர்மலாவும் ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழும் வரும். ஒரே திரை இரு கருவிகளில் இரு அகலத்தில் நிற்கும். எழுத்துருக் கோப்பைத் தீம் கோப்புறைக்குள்ளேயே வைத்து, ஃபான்ட் ஃபேஸ் விதியை ஸ்டைல்ஸ்.சிஎஸ்எஸ்ஸில் எழுதி, லூமோ ஃபான்ட் ஃபேமிலி மாறியில் அதன் பெயரை முதலில் போடுங்கள். இறக்கிய கோப்பு லத்தீன் எழுத்துகள் மட்டும் உள்ள துண்டாக இருந்தால் தமிழ் அதில் இராது. எலிமென்ட்ஸ் பலகத்தின் கம்ப்யூட்டட் பகுதியின் அடியில், உண்மையில் எந்த எழுத்துரு வரையப்பட்டது என்று குரோம் காட்டும். நம் கோப்பில் எழுதிய பெயரை விட அதையே நம்ப வேண்டும்.

லூமோ தன் பட்டனுக்கும் புலப் பெயர்களுக்கும் 500 கனத்தைக் கேட்கிறது. சாதாரண 400 கனம் மட்டும் ஏற்றியிருந்தால் 500-க்கும் அதுவே வரும், பெரிய கேடில்லை. 600-உம் அதற்கு மேலும் கேட்கும் தலைப்புகளில்தான் உலாவி தானே செயற்கையாகத் தடிக்கச் செய்யும். ‘ணை’, ‘ஞூ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கனமான வடிவத்தையும் ஏற்றுங்கள், அல்லது கனம் மாறக்கூடிய ஒரே கோப்பாக எடுங்கள்.

லூமோவின் வரி உயரங்கள் 1.625, 1.375, 1.25 என்று அமைந்தவை. சிறிய இரண்டும் தமிழுக்குப் போதுவதில்லை. மெய்ப்புள்ளி மேல்வரியைத் தொடும், ‘கூ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றின் அடி வெட்டுப்படும். சிறிய இரண்டு மாறிகளையும் தீமிலேயே உயர்த்திவிட்டு, பட்டன் உயரத்துக்கான சைஸ் மாறியையும் சற்றுக் கூட்டுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் தனியே பேடிங் கொடுத்துச் சரிசெய்யப் போனால் முடிவே இராது.

எழுத்துரு மாற்றியதும் பழைய வாடிக்கையாளர் பெயர்கள் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அது தீமின் கோளாறு அன்று. அந்தப் பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கேயும் அப்படியே தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் தட்டச்சான தரவு. தரவை யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமே தவிர, பாமினி எழுத்துருவைத் தீமில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் தேடலும் அகரவரிசையும் கெட்டபடியே இருக்கும்.

10. சரியான பிறகு, அடுத்த பதிப்புக்கு முன்

தேடும்போது போட்ட ‘இம்பார்ட்டன்ட்’களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்ததும் நிறம் போனால் ஆறாம் படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

பார்ட் பெயர்களும் ஓவர்லே அமைப்பும் பெரிய பதிப்பு மாறும்போது மாறக்கூடியவை. ஆகவே, தீமில் பார்ட் தேர்வி பயன்படுத்திய வரிகளை எல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மேலே எந்தத் திரையில் எதைக் காண வேண்டும் என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறோம். பதிப்பை உயர்த்தும் நாளில் அந்தக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு லாகின், ஆர்டர் பட்டியல், பில், டயலாக் ஒன்று, காம்போ பாக்ஸ் ஒன்று என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறோம். அடையாள வரியை நீக்குவதில்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அதன் எண் ஒன்று கூடுகிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் நிறம் மாறவில்லை என்று அழைத்தால், பணியிடத்திலிருந்து ஒருவர் அந்தக் கடையின் கணினிக்குள் தொலைவழியே சென்று முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.